ஏடும் உளியும்

நுழையும்முன்

ஏட்டைப் படிப்பது கல்வி. கையால் செய்வது தொழில். இவ்விரண்டையும் வேறுவேறாக வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அப்பழக்கத்தை மாற்றித் தொழிலுக்கும் பள்ளிக்குள்ளேயே சமமான இடம் தரவேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் தமிழர், மகப்பேற்று மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் பணியாற்றியவர். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்து மேல்நிலை வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளவேண்டிய வாழ்க்கை, ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாருடையது.

கொடும்பாளூர்க் கோயில்கள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விராலிமலையைக் கடந்ததும் வருவது கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், சிலப்பதிகாரத்தில் கொடும்பை என்னும் பெயரால் சுட்டப்படுகிறது. சோழர்க்குத் துணைநின்ற இருக்குவேளிர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அம்மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தன் பெயராலும் தன் தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் எடுப்பித்த மூன்று கோயில்களே மூவர் கோயில் எனப்படுகின்றன. அவற்றுள் நடுக்கோயிலும் தென்கோயிலும் இன்றும் மேற்கு நோக்கி நிமிர்ந்து நிற்கின்றன. வடகோயிலின் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது.

அங்குள்ள கல்வெட்டு, வேளிர் குலத்தின் வழிமுறையை வரிசையாகக் கூறுகிறது. அவர்தம் போர்களைக் கூறுகிறது. கோயில் எடுத்த மன்னனையும் தேவியரையும் கூறுகிறது. கல்லைத் தேர்ந்து, பிளந்து, அளந்து, செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிற்பியரின் பெயர்களை மட்டும் அது கூறவில்லை. அவர்களுடைய அறிவு சிறியதன்று. கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அதன் தன்மையை உணரவேண்டும். மேலே செல்லச் செல்லச் சுமை எவ்வாறு இறங்கும் என்று கணிக்கவேண்டும். ஒரு விரற்கடை பிழைத்தாலும் விமானம் கோணிவிடும். இக்கணக்கும் வடிவியலும் பொருளறிவும் பட்டறையில், மூத்தவரின் அருகே அமர்ந்து, கையால் கற்கப்பட்டவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில முறைப் பள்ளிகள் நம் ஊர்களுக்கு வந்தபோது இவ்வறிவு பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே எழுத்தும் இலக்கணமும் தேர்வும் இருந்தன. அவற்றின் மறுமுனையில் அரசு அலுவலகத்தின் எழுத்தர் நாற்காலி இருந்தது. தச்சர், கொல்லர், நெசவாளர், உழவர், குயவர் ஆகியோரின் தொழில்களைப் பள்ளிக்கல்வி அறியவில்லை. அவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது, தொழிலை வாயிலிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. வெளியே நின்ற அவ்வறிவை உள்ளே அழைத்துவரும் பணியே பிற்காலத்தில் இலட்சுமணசாமியிடம் வந்து சேர்ந்தது.

இரட்டையர்

1887ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாள் கர்நூலில், தமிழ் பேசும் குடும்பம் ஒன்றில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். ஒருவர் இராமசாமி, மற்றவர் இலட்சுமணசாமி. இருவரும் கர்நூலில் பள்ளிக்கல்வி பெற்றனர். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றனர். உருவத்தால் ஒத்திருந்த அவ்விருவரும் வாழ்க்கைப் பாதையில் பிரிந்தனர். இராமசாமி சட்டம் பயின்று அரசியலில் ஈடுபட்டார். ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானார். இலட்சுமணசாமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

வெவ்வேறு வழிகளில் சென்ற அவ்விருவரும், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே வினாவின் இரு முனைகளைத் தொட நேர்ந்தது. பள்ளியில் எதைக் கற்பிப்பது என்பதைத் தம்பி ஆராய்ந்தார். அரசுப் பணிக்குப் பட்டம் கட்டாயந்தானா என்பதை ஆராயும் குழுவுக்கு 1950களின் நடுவில் அண்ணன் தலைமை ஏற்றார். பட்டம் ஒன்றே பிழைப்புக்கு வழி என்னும் நிலை மாறாதவரை பள்ளியில் எந்தத் தொழிலைக் கற்பித்தாலும் மதிப்பு இராது என்பதை அக்காலத்துக் கல்வியாளர் உணர்ந்திருந்தனர்.

மருத்துவர் கற்ற பாடம்

இலட்சுமணசாமி தேர்ந்துகொண்ட துறை மகப்பேற்று மருத்துவமும் மகளிர் நோயியலும் ஆகும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும், எழும்பூரில் உள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவராகவும் அவர் பணியாற்றினார். மகப்பேற்றின்போது தாய்மார் இறப்பது அந்நாளில் அரிதான செய்தியன்று. மருத்துவச்சியின் கைப்பழக்கமும் மருத்துவரின் நூலறிவும் ஒன்றையொன்று அறியாதிருந்தன. அவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் தாயும் சேயும் பிழைத்தனர்.

மருத்துவக் கல்வி என்பது அடிப்படையில் ஒரு தொழிற்கல்வி. உடற்கூற்றியலை நூலில் படிக்கும் மாணவர், நோயாளியின் படுக்கையருகே நின்று அதைத் தம் கையால் மீண்டும் கற்கவேண்டும். நூலை மட்டும் படித்தவரிடம் ஒரு தாயின் உயிரை ஒப்படைக்க இயலாது. நூலைப் படியாமல் கைப்பழக்கத்தை மட்டும் நம்புகிறவரால், எதிர்பாராத சிக்கல் நேரும்போது வழி காண இயலாது. நாடெங்கும் உயர்வாக மதிக்கப்படும் மருத்துவத்தில் கையும் ஏடும் இவ்வாறு பிரியாமல் இருக்கின்றன. கற்பிக்கும் பணியில் பல்லாண்டுகளைக் கழித்த இலட்சுமணசாமிக்கு இது நாள்தோறும் கண்ட உண்மை. மகப்பேற்று மருத்துவம் குறித்து அவர் எழுதிய பாடநூல், பின்வந்தோரால் திருத்தப்பட்டுப் பல பதிப்புகளைக் கண்டு, தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்க்குப் பயன்பட்டு வருகிறது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராக அதுவரை ஆங்கிலேயரே இருந்துவந்தனர். அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் இலட்சுமணசாமி. 1948இல் உலக நலவாழ்வு அமைப்பின் முதல் பேரவைக்குச் சென்ற இந்தியக் குழுவில் அவர் இடம்பெற்றார். அடுத்து அவ்வமைப்பின் செயற்குழுத் தலைவரானார். 1961இல் புதுதில்லியில் கூடிய அதன் பதினான்காம் பேரவைக்குத் தலைமை தாங்கினார்.

தோலும் நூலும் பல்கலைக்கழகத்தில்

1942ஆம் ஆண்டில் இலட்சுமணசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1969 வரை, 27 ஆண்டுகள் அப்பொறுப்பில் தொடர்ந்தார். விடுதலைக்கு முன் தொடங்கி, மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தையும் கடந்து நீண்ட பணி அது.

அவர் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த வள்ளல் அழகப்பர் அளித்த பெருங்கொடையைக் கொண்டு, 1944இல் அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியைப் பல்கலைக்கழகமே தொடங்கியது. அங்கே வேதிப்பொறியியலும் நெசவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்பட்டன. தோல் தொழில்நுட்பமும் சேர்ந்தது.

இதன் பொருளை அக்காலச் சமூகத்தை நினைத்துப் பார்த்தால்தான் உணர இயலும். தறியில் அமர்வது ஒரு குலத்தின் வேலை. தோலைப் பதனிடுவது ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட மக்களின் வேலை. தோல் தொட்ட கையைத் தீண்டத் தயங்கிய சமூகத்தில், தோல் பதனிடும் அறிவு பட்டப்படிப்பாக உயர்ந்தது. எக்குலத்தில் பிறந்தவரும் அதைக் கற்கலாம் என்னும் நிலை வந்தது. ஒரு தொழில் கல்விக்கூடத்துக்குள் நுழையும்போது அதற்குப் பின்னுள்ள அறிவியல் வெளிப்படுகிறது. பிறப்போடு அதற்கிருந்த கட்டு தளர்கிறது.

எனினும் பல்கலைக்கழகத்தின் உச்சியில் இருந்தவருக்கு மற்றொரு காட்சியும் தெரிந்தது. பள்ளியை முடித்த இளைஞர் ஆண்டுதோறும் கல்லூரி வாயிலில் வந்து குவிந்தனர். அவர்களுள் பலருக்கு உயர்கல்வியில் நாட்டம் இல்லை. வேறு கதவு திறந்திராததால் அங்கு வந்தனர். பள்ளியின் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரி நுழைவையே குறிவைத்து அமைந்திருந்தன. கல்லூரியை எட்ட இயலாதவர் எத்தொழிலும் அறியாதவராய்ப் பள்ளியைவிட்டு வெளியேறினர்.

நெடுநாளைய வழக்கு

இக்குறையை முதலில் கண்டவர் இலட்சுமணசாமி அல்லர். 1854இல் வந்த உட் கல்வி அறிக்கை, வாழ்க்கைக்குப் பயன்படும் கல்வியைப் பள்ளிகள் தரவேண்டும் எனக் கூறியது. 1882இல் அமைந்த அண்டர் குழு, உயர்நிலைப் பள்ளியில் இரு பிரிவுகள் இருக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர்க்கு, மற்றொன்று வணிகத்துக்கும் தொழிலுக்கும் செல்வோர்க்கு. இரண்டாம் பிரிவை நாடியவர் மிகச் சிலரே.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கைத்தொழிலை நடுவாகக் கொண்டு மற்றப் பாடங்களை அதனோடு இணைத்துக் கற்பிப்பதே அதன் நெறி. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த சாகிர் உசேன் குழுவில், தஞ்சையில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவும் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் இடம்பெற்றிருந்தனர். 1944இல் வெளிவந்த சார்ஜெண்ட் அறிக்கை, ஏட்டுக்கல்விக்கு ஒருவகை உயர்நிலைப் பள்ளியும் தொழிற்கல்விக்கு மற்றொருவகைப் பள்ளியும் அமைக்கலாம் என்றது.

இவ்வாறு நூறாண்டுகளாகப் பேசப்பட்டும் இடைநிலைப் பள்ளியின் இயல்பு மாறவில்லை. விடுதலை பெற்ற நாட்டின்முன் இவ்வினா புதிய அவசரத்தோடு எழுந்தது. அணைகளும் ஆலைகளும் எழுந்துகொண்டிருந்த நாட்டுக்கு எழுத்தர்கள் மட்டும் போதாது.

முதலியார் குழு

1952ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்திய அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்து இலட்சுமணசாமியை அதன் தலைவராக்கியது. தலைவர் பெயரால் அது முதலியார் குழு என்றே வழங்கப்படுகிறது. அன்சா மேத்தா, கா. லா. சிறீமாலி, கு. கு. சையிதைன், அ. நா. பாசு முதலிய இந்தியக் கல்வியாளர்களோடு இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த அறிஞர் இருவரும் உறுப்பினராயிருந்தனர். பம்பாய் மாநிலத்தின் தொழில்நுட்பக் கல்வி இயக்குநர் தாராபூர்வாலாவும் குழுவில் இருந்தார்.

குழு வினாநிரலை நாடெங்கும் அனுப்பிக் கருத்துகளைத் திரட்டியது. மாநிலங்களுக்குச் சென்று பள்ளிகளைப் பார்த்தது. ஆசிரியர்களையும் தொழில் நடத்துவோரையும் கேட்டறிந்தது. ஓராண்டுக்குள், 1953 ஆகஸ்டு 29ஆம் நாள் அறிக்கையை அரசிடம் அளித்தது.

பள்ளிக்கல்வி வாழ்க்கையிலிருந்து விலகி நிற்கிறது. ஒருவகைத் திறன் உடைய மாணவர்க்கு மட்டுமே அது இடம் தருகிறது. தேர்வு அதன் கழுத்தை இறுக்குகிறது. இவையே குழு கண்ட குறைகள். இடைநிலைக் கல்வி என்பது பல்கலைக்கழகத்துக்கு ஏறும் படி மட்டுமன்று. தன்னளவில் நிறைவுடைய ஒரு கட்டம். அதை முடிப்பவர் வாழ்க்கைக்குள் நுழையும் ஆற்றல் பெற்றிருக்கவேண்டும் என்பது குழுவின் அடிப்படைக் கொள்கையாயிற்று.

ஒரே கூரையின்கீழ்

அறிக்கையின் நடுவே நிற்பது பல்நோக்குப் பள்ளி என்னும் கருத்து. மொழிகள், சமூகவியல், பொது அறிவியல் ஆகியவற்றை எல்லா மாணவரும் கற்பர். அவற்றோடு கைத்தொழில் ஒன்றையும் ஒவ்வொருவரும் கற்பர். நூற்றலும் நெய்தலும், மரவேலை, உலோக வேலை, தோட்டக்கலை, தையல், அச்சுத்தொழில் முதலியவை இதற்குரிய தொழில்களாகக் கூறப்பட்டன. பின்னர் உயர்நிலையில் மாணவர் தத்தம் நாட்டத்துக்கேற்ப ஏழு பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வர். கலை சார்ந்த மானுடவியல் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகவியல், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என்பன அவ்வேழு பிரிவுகள்.

ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பள்ளி அமைப்பது எளிதாக இருந்திருக்கும். அதைக் காட்டிலும் பல பிரிவுகளையும் ஒரே பள்ளியில் வைப்பதையே குழு பெரிதும் விரும்பியது. தொழில் கற்பவர்க்குத் தனிப்பள்ளி என்றால், காலப்போக்கில் அது இரண்டாந்தரப் பள்ளியாகக் கருதப்படும். ஒரே கூரையின்கீழ், ஒரே மணியொலிக்கு வகுப்புக்குச் செல்லும்போது, கடைசல் பொறியில் நிற்கும் மாணவரும் கவிதை படிக்கும் மாணவரும் ஒரே பள்ளியின் பிள்ளைகளாய் இருப்பர். பிழையான பிரிவில் சேர்ந்துவிட்ட மாணவர், பள்ளியைவிட்டு நீங்காமலே வேறு பிரிவுக்கு மாறிக்கொள்ளவும் இயலும்.

இத்திட்டம் வெறும் விருப்பமாக நின்றுவிடாதபடி அதற்குத் துணையான ஏற்பாடுகளையும் குழு கூறியது. தொழிற்பள்ளிகள் இயன்றவரை தொழிற்சாலைகளுக்கு அருகில் அமையவேண்டும். மாணவர்க்குச் செய்முறைப் பயிற்சி அளிப்பது தொழிற்சாலைகளின் கடமை எனச் சட்டம் இயற்றவேண்டும். தொழிற்கல்விச் செலவுக்காகத் தொழில் நிறுவனங்களிடமிருந்து தீர்வை பெறவேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளில் வேளாண்மை கற்பிக்கப்படவேண்டும். தோட்டக்கலை, கால்நடை வளர்ப்பு, குடிசைத்தொழில் ஆகியவற்றோடு அது இணைந்திருக்கவேண்டும். எந்தப் பிரிவைத் தேர்வது என்று திகைக்கும் மாணவர்க்கு அறிவுரை கூறப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் பள்ளிகளுக்கு வேண்டும். ஓராண்டின் ஒரு தேர்வைக் கொண்டு மாணவரை அளவிடாமல், அவரது வளர்ச்சியைத் தொடர்ந்து குறித்துவரும் திரள் பதிவேட்டைப் பள்ளி பேணவேண்டும். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இருப்பது நலம். நாற்பதுக்கு மேல் கூடாது.

அதே ஆண்டில் சென்னையில்

முதலியார் குழு தன் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்த அதே 1953ஆம் ஆண்டில், சென்னை மாநிலம் தொழிலையும் கல்வியையும் பற்றிய மற்றொரு திட்டத்தால் கொந்தளித்துக்கொண்டிருந்தது. முதலமைச்சர் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, சிற்றூர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவேளை மட்டுமே வகுப்பில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலை அறிந்துகொள்வர். இருக்கும் பள்ளிகளைக் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கல்வி தரலாம் என்பது அரசு கூறிய காரணம். குலத்தொழிலைப் பிள்ளைகள்மேல் சுமத்தும் குலக்கல்வி என்று பெரியார் உள்ளிட்டோர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் இராசாசி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இரு திட்டங்களும் வெவ்வேறு நிலைக் கல்வியைப் பற்றியவை. எனினும் அருகருகே வைத்துப் பார்த்தால் தொழிற்கல்வியின் உயிர்நிலை எது என்பது புலப்படும். செருப்புத் தைப்பவர் மகன் வீட்டில் செருப்புத் தைக்கக் கற்றால், அவன் தந்தையின் வாழ்க்கையே அவனுக்கும் விதிக்கப்படுகிறது. உழவர் மகள் பொறியியலையும், எழுத்தர் மகன் வேளாண்மையையும், தச்சர் மகள் வணிகவியலையும் தத்தம் நாட்டத்தால் பள்ளியில் தேர்ந்து கற்றால், அவர்களுக்குப் புதிய வாழ்க்கை திறக்கிறது. தொழில் ஒன்றாகவே இருக்கலாம். அதைத் தேர்ந்தது பிறப்பா, பிள்ளையா என்பதே வேறுபாடு. பிள்ளையின் தேர்வுக்கே முதலியார் குழு இடமளித்தது.

நடைமுறையில் நேர்ந்தவை

1954 முதல் பல்நோக்குப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த 1961ஆம் ஆண்டளவில் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பல்நோக்குப் பள்ளிகள் இருந்தன. எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் அது பெருவெற்றி. பள்ளிக்குள் சென்று பார்த்தவர்க்கு வேறு நிலை தெரிந்தது.

ஏழு பிரிவுகளையும் நடத்திய பள்ளிகள் அரியவை. பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு மூன்று பிரிவுகளே இருந்தன. மாணவர் கூட்டம் அறிவியலையும் கலைப்பாடங்களையும் நாடியது. பட்டறைக் கட்டடம் எழுந்த இடத்தில் கருவிகள் வரவில்லை. கருவிகள் வந்த இடத்தில் ஆசிரியர் இல்லை. தொழிலை நன்கறிந்தவர்க்குத் தொழிற்சாலை கூடுதல் ஊதியம் தந்தது. பள்ளி அவரை ஈர்க்க இயலவில்லை. கற்பிக்கத் தெரிந்தவர்க்குத் தொழில் தெரியவில்லை. இக்குறையை நீக்க, 1963இல் அசுமீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் தோற்றுவிக்கப்பட்டன. அதற்குள் பள்ளிகள் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. ஆசிரியரை உருவாக்கிவிட்டுப் பள்ளியைத் திறக்கவேண்டிய வரிசை, தலைகீழாக நடந்தது.

எல்லாவற்றினும் வலிய தடை பெற்றோரின் மனத்தில் இருந்தது. கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையை அனுப்பும் இடமாகவே தொழிற்பிரிவு கருதப்பட்டது. பட்டத்தின் மதிப்பு குறையாத சமூகத்தில், தொழிற்பிரிவில் சேர்ந்த மாணவரும் இறுதியில் கல்லூரி வாயிலையே நோக்கினர். ஒரே கூரை கிடைத்தது. ஒரே மதிப்பு கிடைக்கவில்லை.

திட்டத்திலேயே ஒரு குறையும் இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கைத் தொழிலைத் தேர்வது கடினம். வழிகாட்டிகள் இல்லாத பள்ளியில் அத்தேர்வு பெற்றோரின் ஆசையாகவோ அண்டை வீட்டாரின் அறிவுரையாகவோ முடிந்தது.

பின்வந்தோர் திருத்திய பாதை

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு இவ்வனுபவத்திலிருந்து பாடம் கற்றது. பத்தாம் வகுப்பு வரை எல்லார்க்கும் பொதுக்கல்வி. அதனோடு எல்லார்க்கும் உழைப்பு அனுபவம். பிரிவுகளைத் தேர்வது பத்தாம் வகுப்புக்குப் பின்னரே என்று அது வகுத்தது. மேல்நிலையில் தொழிற்கல்வி பெருமளவில் இடம்பெறவேண்டும் என்றும் அது கூறியது.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது பொதுப்பாடப் பிரிவுகளோடு தொழிற்பாடப் பிரிவுகளும் பள்ளிகளில் இடம்பெற்றன. அதே ஆண்டில், மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய்ந்த தேசியக் குழு தன் அறிக்கையை அளித்தது. அக்குழுவின் தலைவர் வேலூரில் பிறந்த பொருளியல் அறிஞர் மால்கம் ஆதிசேசையா. அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். இலட்சுமணசாமி விட்ட இடத்திலிருந்து அதே இருக்கைக்குப் பின்னர் வந்த ஒருவர் அப்பணியைத் தொடர்ந்தார்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை, மேல்நிலை மாணவருள் நூற்றுக்குப் பத்துப் பேரை 1990க்குள்ளும், இருபத்தைந்து பேரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. அவ்விலக்கு எட்டப்படவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது.

நிறைவு

இலட்சுமணசாமிக்கு இந்திய அரசு 1954இல் பத்ம பூசண் விருதும் 1963இல் பத்ம விபூசண் விருதும் வழங்கியது. 1969இல் துணைவேந்தர் பொறுப்பிலிருந்து நீங்கிய அவர், 1974 ஏப்ரல் 15ஆம் நாள் மறைந்தார். தாம் வகுத்த பல்நோக்குப் பள்ளிகள் எதிர்பார்த்த பயனைத் தராமல் மங்கியதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். ஆனால் அக்குழு எழுப்பிய அடிப்படை, அதற்குப் பின்வந்த எத்திட்டத்திலும் மறையவில்லை. எல்லா மாணவரும் ஒரேவகைத் திறன் உடையவர் அல்லர். பள்ளி அவர்கள் அனைவர்க்கும் உரியது. கைத்திறன் குறைந்த அறிவின் அடையாளம் அன்று. இம்மூன்றையும் இன்று யாரும் மறுப்பதில்லை. ஏற்பதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள தொலைவுதான் எஞ்சியிருக்கிறது.

ஒரே மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவு மாணவரும் தொழிற்பிரிவு மாணவரும் இன்று ஒரே மணியொலிக்கு வகுப்புக்குச் செல்கின்றனர். ஒருவர் மற்றவரை எப்படிப் பார்க்கிறார் என்பதை எந்தக் குழுவும் சட்டத்தால் வகுத்துத்தர இயலாது. அது மாணவரின் கையில் உள்ளது.

கொடும்பாளூரில் மூவர் கோயிலின் விமானம் இன்றும் கோணாமல் நிற்கிறது. எடுப்பித்தவன் பெயரை ஏடறிந்தவர் கல்லில் எழுதிவைத்தனர். எழுத்தில் இடம்பெறாதவரின் அறிவு அக்கல்லையே தாங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வறிவுக்குப் பள்ளியில் ஓர் இருக்கை வேண்டும் என்று நாடு முழுமைக்கும் திட்டம் வகுத்தளித்தவர்களுள் முதன்மையானவராக ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் நினைக்கப்படுகிறார்.